கைக்கு எட்டாத கிளை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் சுகந்தானே? சின்னவள் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? போன மாதம் உனக்கு வந்த காய்ச்சல் முழுவதும் விட்டதா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மச்சானுக்கு முழங்கால் வலி, மற்றபடி வாய் நன்றாகவே வேலை செய்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எதற்காகக் கூப்பிட்டேன் என்பதே மறந்துபோகிறது. அதனால் இந்த விஷயத்தைக் காகிதத்தில்தான் பேசப்போகிறேன். கப்பல் நாள், பெட்டி எண்ணிக்கை போன்றவற்றை மட்டும் போனில் இரண்டு வரி அனுப்பினால் போதும்.

பழச் சந்தைக் கமிட்டி புது விதி போட்டிருக்கிறது. அடுத்தவரிடம் வாங்கி விற்கிறவர்களுக்கு இனி முன்வரிசைக் கடை கிடையாதாம். வெளிநாட்டிலிருந்து சொந்தமாகப் பழம் இறக்கி, ஜூன் முடிவதற்குள் அழுகவிடாமல் விற்றுக் காட்டுகிறவர்களுக்குத்தான் முன்வரிசை. மற்றவர்கள் பின்வாசலில், கழிவுப் பழம் கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான். பதினான்கு வருடமாக நான் நிற்கிற இடம் தம்பி. அதை விட்டுப் போகிறவள் நான் இல்லை.

விதியைக் கொண்டுவந்தது கமிட்டியில் இருக்கிற நம் "மொத்தம்". அவரை மறந்திருக்க மாட்டாய். கப்பல் கப்பலாக இறக்குகிறவர். எதைக் காட்டினாலும் "மொத்தமா எடுத்துக்கறேன்" என்பார், அதுவே பேராகிவிட்டது. இத்தனை வருடம் அவரிடம்தான் ஆரஞ்சு வாங்கி விற்றேன். நல்ல பெட்டி அவருடைய கடைக்கு, மிச்சம் எனக்கு.

இங்கே மே மாதத்தோடு ஆரஞ்சு வரத்து நின்றுவிடும். அங்கே உங்களுக்கு அப்போதுதான் அறுவடை. மொத்தத்தின் முதல் கப்பல் எப்போதும் ஜூன் கடைசியில்தான் வரும். நடுவில் மூன்று வாரம் சந்தையில் ஒரு நல்ல ஆரஞ்சு இருக்காது. அந்த மூன்று வாரத்துக்கு எனக்கு ஒரு கண்டெய்னர் வேண்டும். தோட்டங்களை நீ பிடி, பறிக்கும் நாளை நீ குறி. அங்கே தோட்டக்காரர்கள் உன்னை "நாக்கு" என்றுதானே கூப்பிடுகிறார்கள்? ஒரு சுளையைக் கடித்துவிட்டு இன்னும் எத்தனை நாளில் பறிக்கலாம் என்று சொல்கிறவன் நீ. உன் நாக்கை நம்பித்தான் இந்த வேலையில் இறங்குகிறேன்.

பதிலைச் சீக்கிரம் எழுது. குளிரில் தலையை மூடிக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். சின்னவள் அழுவதில்லை, இப்போது டீச்சர்தான் அழுகிறார். காய்ச்சல் விட்டுவிட்டது. குளிரில் தலையை மூடச் சொல்கிறாய். இங்கே இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் வந்து பதினோரு வருடம் ஆகியும், பூமியின் தென்பாதியில் பருவம் தலைகீழ் என்பது உனக்கு மனதில் ஏறவில்லை.

ஆற்றங்கரையில் அடுத்தடுத்து மூன்று தோட்டங்கள் பார்த்திருக்கிறேன். மூன்றும் சின்னவை. பெரிய நிறுவனங்கள் அந்தத் தோட்டக்காரர்களை வாசலில் காக்க வைத்தே அனுப்புகின்றன. மூன்றையும் சேர்த்தால் ஒரு கண்டெய்னர் நிரம்பும். ஆயிரத்து ஐந்நூறு பெட்டி. காய் இப்போது கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிது. நடுத்தோட்டத்துக்காரர் மட்டும் கொஞ்சம் அவசரக்காரர். முதல் நாளே பறிக்கும் தேதி கேட்டார்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சின் தோலுக்கு நிறம் கொடுப்பது இரவுக் குளிர். மே தொடக்கத்தில் அவ்வளவு குளிர் இருக்காது. உள்ளே பழுத்திருந்தாலும் தோலில் பச்சை நிற்கும். தோலுக்கு நிறமேற்றும் வாயு அறையில் வைத்தால் மூன்று நாளில் பளபளவென்று ஆகிவிடும், ஆனால் தோல் தளர்ந்துபோகும். இருபத்தைந்து நாள் கடல் பயணத்துக்குப் பிறகு அது வெகுநாள் நிற்காது. பச்சையோடு அனுப்பட்டுமா?

மச்சானை மாடி ஏற வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 19

தம்பி,

எல்லோரும் நலம். உன் மச்சான் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார், இப்போது கீழே இருந்தபடியே கத்துகிறார்.

பச்சையோடு அனுப்பு. வெட்டிக் காட்டி விற்பேன். ஒரு பழம் கூடப் புளிக்கக்கூடாது, அதை நீ பார்த்துக்கொள். குளிர்பதனக் கிடங்கில் மூன்றாம் எண் அறையைப் பேசி வைத்துவிட்டேன். பின்வாங்க வழி இல்லை, வேண்டவும் வேண்டாம்.

உன் அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கையில் இருந்தும் பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. வேலை அதிகம்.

இந்த வாரக் கணக்கு எழுதுகிறேன். சாற்றில் எவ்வளவு இனிப்பு என்று காட்ட ஒரு கைக்கருவி இருக்கிறது. புளிப்பைத் தனியாக அளக்க வேண்டும். இனிப்பைப் புளிப்பால் வகுத்தால் எட்டு வர வேண்டும், வந்தால் பறிக்கலாம் என்பது இங்கே வழக்கம். முதல் தோட்டம் ஆறு. நடுத்தோட்டம் ஆறரை. மூன்றாவது தோட்டம் ஐந்தே முக்கால். சாறு நிறைய இருக்கிறது. தோல் மெல்லியது. மே முதல் தேதிக் கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன்.

மச்சானுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமா என்று கேட்டால் நலம் என்று எழுதுவாய் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன், நீ நலமா?

முன்பெல்லாம் ஒரு பழத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவாய். முதலில் இனித்தது, பிறகு லேசாகச் சுருக்கென்றது, முழுங்கிய பிறகு பூ வாசம் வந்தது என்று நீ எழுதுவதைப் படித்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். இந்தக் கடிதத்தில் ஆறு, ஆறரை, ஐந்தே முக்கால். சின்னவளின் மார்க் ஷீட்டை மாற்றி அனுப்பிவிட்டாயோ என்று பார்த்தேன். பழம் எப்படித்தான் இருக்கிறது?

இன்னொன்று. என் கண்டெய்னர் விஷயம் மொத்தத்தின் காதுக்கு எட்டிவிட்டது. கிடங்குக்காரர் உளறிவிட்டார். இந்த வருடம் அவரும் முன்னதாக இறக்கப் போகிறாராம். சந்தை நடுவில் நிறுத்தி என்னிடமே சொன்னார். "பின்வாசல்லயும் காத்து நல்லா வரும்மா" என்றார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நாளைத் தள்ளாதே.

உன் அக்கா

ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்தான். இதைப் படித்ததும் நீ திட்டுவாய், திட்டிவிட்டு மிச்சத்தைப் படி.

முதல் தேதிக் கப்பலை விட்டுவிட்டேன். பத்தாம் தேதிக் கப்பலில்தான் ஏற்றுகிறேன். அவசரக்காரர் தோட்டத்து நடுவில் நின்று ஒரு பழத்தை உரித்துத் தின்றார். "தேனா இருக்குய்யா, இன்னும் எதுக்கு நிக்கறே?" என்று சத்தம் போட்டார். மற்ற இரண்டு பேரும் அவர் பக்கம்தான். மொத்தத்தின் ஆட்கள் அக்கரைத் தோட்டங்களில் பறித்து வாயு அறையில் வைத்துவிட்டார்கள். அதுவும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் ஒன்பது நாள் தள்ளியிருக்கிறேன்.

பழம் எப்படி என்று கேட்டிருந்தாய். நன்றாக வருகிறது. இப்போது எட்டு, எட்டரை, ஏழே முக்கால்.

உன் தம்பி

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

கப்பல் நேற்று மாலை புறப்பட்டுவிட்டது. இந்த உறையில், துறைமுகத்தில் காட்ட வேண்டிய பயிர் நலச் சான்றிதழின் அசல் இருக்கிறது, பத்திரம். ஜூன் ஐந்தாம் தேதி வந்து சேரும். ஆயிரத்து ஐந்நூறு பெட்டி, குளிர் நான்கு டிகிரி.

இனி எழுதுவதை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். டிசம்பரில் வந்த காய்ச்சல் விட்டது உண்மை. போகும்போது என் ருசியையும் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ஐந்து மாதமாக எனக்கு ஆரஞ்சும் நனைந்த பஞ்சும் ஒன்றுதான். இந்தக் கண்டெய்னரில் போகிற ஒரு பழத்தைக் கூட நான் ருசித்ததில்லை. எல்லாம் கருவியை நம்பிக் குறித்த நாள்.

உன் நாக்கை நம்பி இறங்குகிறேன் என்று நீ எழுதியபோதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ வேறு ஆளைத் தேடுவாய். இங்கே தெரிந்தால் என்னை யாரும் தோட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நாக்கு இல்லாமல் நான் யார் என்று எனக்கே விளங்கவில்லை. பயந்துவிட்டேன் அக்கா. என் பயத்துக்காக உன் கடையை வைத்து விளையாடிவிட்டேன்.

திட்டியாவது எழுது.

உன் தம்பி

மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் குழந்தையும் நலம். உங்கள் முழங்கால் நோயாளி எப்படி இருக்கிறார்? உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுவே முதல் முறை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடமிருந்து இவருக்குப் போனில் "சான்றிதழ் வந்தது" என்று இரண்டே வார்த்தைதான் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று தெரிந்தும் திறக்கிறார்.

ஒரு விஷயத்தை இவர் உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் சாக்குச் சொல்வது போல இருக்குமாம். அதனால் நான் எழுதுகிறேன். மார்ச்சிலிருந்து இவரோடு நானும் தோட்டத்துக்குப் போனேன், எண்களைக் குறிக்க. முன்பு இவர் எப்படிப் பழம் பார்ப்பார் தெரியுமா? வரிசையில் நடப்பார், நெஞ்சு உயரத்தில், வெயில் படும் பக்கத்தில் அழகாக ஒன்று தொங்கும், அதைப் பறித்துத் தின்பார், நாள் சொல்வார். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். யாருக்குத்தான் நல்ல பழத்தை விட்டு வேறொன்றில் கை போகும்?

இந்த வருடம் எதைத் தின்றாலும் ஒன்றுதான் என்பதால், கை எங்கேயும் தானாகப் போகவில்லை. ஏணி போட்டு உச்சியில் பத்து, மரத்துக்குள்ளே நிழலில் பத்து, வெயில் பக்கம் பத்து, மறுபக்கம் பத்து என்று எடுத்தார். முள் கிழித்த கையோடு வீட்டுக்கு வருவார். ஏப்ரலில் அளந்தபோது வெயில் பக்கத்துப் பழம் ஒன்பதைத் தாண்டிவிட்டது, உள்கிளைப் பழம் ஏழு கூட இல்லை. அவசரக்காரர் தின்றது வெயில் பக்கத்துப் பழம். ஒன்பது நாள் தள்ளியது உள்கிளைக்காக. கடைசி நாள் பார்த்தபோது உள்கிளையும் எட்டரைக்கு வந்திருந்தது. அன்றைக்கு இவர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷமா நாக்கை வெச்சுக்கிட்டு தப்பாப் பாத்திருக்கேன்" என்று என்னிடம் சொன்னார்.

அந்தப் பழங்களை நான் தின்றேன் அண்ணி. நாற்பதையும் தின்ன முடியவில்லை, பதினேழு தின்றேன். நம்பி வெட்டுங்கள்.

அன்புடன், உங்கள் தம்பி வீட்டுக்காரி

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டுக்காரிக்கு முதலில் என் முத்தத்தைக் கொடு. பிறகு உட்கார், இது நீளமான கடிதம்.

மொத்தத்தின் கப்பல் ஜூன் முதல் தேதியே வந்துவிட்டது. முன்வரிசை முழுக்க ஆரஞ்சு நிறம், கண் கூசியது. சில்லறைக் கடைக்காரர்கள் எல்லோரும் அங்கே மொய்த்தார்கள். நான் காலி மேஜையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நாலு நாள் துடைத்தேன் தம்பி, மேஜையின் வார்னிஷே போய்விட்டது.

ஐந்தாம் தேதி நம்முடையது வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே பாதிப் பச்சை. தெரிந்ததுதான். மொத்தம் நேரில் வந்து எட்டிப் பார்த்தார். "பந்து விளையாட வாங்கினியாம்மா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் மச்சான் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை இறக்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே எனக்குத் தைரியமாக இருந்தது.

அப்போது ஜூஸ் கடைக்காரம்மா வந்தார். சந்தை வாசலில் முப்பது வருடமாகப் பிழிகிறவர், யாருக்கும் தயவு பார்க்காதவர். கையில் மொத்தத்தின் பழப் பை. "இதுல ஒரு கிளாஸ் இனிக்குது, அடுத்த கிளாஸ் புளிக்குது. எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க" என்றார். நான் மேலே இருந்த பழத்தை எடுத்து வெட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "மேல இருக்கறதை எல்லாரும்தான் வெட்டுவாங்க. நான் எடுக்கறேன்" என்றார்.

பத்துப் பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் அடியில் கையை விட்டு, இருப்பதிலேயே பச்சையான பழமாகப் பொறுக்கினார். பத்தையும் மேஜையில் வரிசையாக வைத்தார். சந்தைத் தலைவர் வந்துவிட்டார், மொத்தம் கை கட்டி நின்றார். எனக்கு உன் கடிதம் நினைவுக்கு வந்தது, நனைந்த பஞ்சு என்று எழுதியிருந்தாயே, அது. யாரும் பார்க்காதபடி மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலாவதை வெட்டிக் கடித்தார். இரண்டாவது. மூன்றாவது. ஐந்தாவது பழத்தில் தலைவரையும் ஒரு துண்டு தின்னச் சொன்னார். பத்தையும் முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "பத்தும் ஒரே மரத்துப் பழமாட்டம் இருக்கு. எனக்கு அறுபது பெட்டி போடு" என்றார்.

அவ்வளவுதான் தம்பி. அதன் பிறகு எனக்கு மூச்சு விட நேரம் இல்லை. மூன்றாம் நாள் மொத்தத்திடம் வாங்கியவர்கள் எல்லாம் என் மேஜைக்கு வந்தார்கள். பச்சைத் தோல்தான் வேண்டும் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று மதியத்தோடு ஆயிரத்து ஐந்நூறும் காலி. அழுகியது என்று தூக்கிப் போட்டது பதினொரு பழம், பெட்டி இல்லை, பழம். கிடங்கின் மூன்றாம் எண் அறையில் நின்று நானும் உன் மச்சானும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். உள்ளே நாலு டிகிரி, எங்களுக்குக் குளிரவே இல்லை.

இப்போது நான் எழுதாமல் இருந்ததற்கு வருகிறேன். கோபம்தான். பழத்துக்காகக் கொஞ்சம், அது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. ஐந்து மாதமாக நீ தின்ற சோற்றில் ருசி இல்லை. அது தெரியாமல் நான் உன் நாக்கு நாக்கு என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். சின்ன வயதில் ஒரு பல் ஆடினால் கூட என்னிடம்தான் ஓடி வருவாய். இதை எப்படி என்னிடம் சொல்லாமல் இருந்தாய்? ஆறு தடவை பேனாவை எடுத்தேன், ஆறு தடவையும் அழுகைதான் வந்தது, எழுத்து வரவில்லை. இனிமேல் உனக்கு எது போனாலும் முதலில் எனக்குச் சொல். கடையெல்லாம் அப்புறம்.

உன் அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் மிக மிக நலம். உன் கடிதத்தைத் தபால் பெட்டி முன்னாலேயே நின்று படித்தேன். பிறகு வீட்டுக்காரி உரக்கப் படித்தாள். பிறகு சின்னவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள், பதினொரு பழம் வரைக்கும் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் மூன்று தோட்டக்காரர்களையும் கூப்பிட்டு எனக்கு ருசி போனதைச் சொன்னேன். அவசரக்காரர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப அந்த ஏணி வித்தையை எனக்கும் காட்டு" என்றார். இப்போது அவரே ஏணியில் நிற்கிறார். கீழே இறங்க மாட்டேன் என்கிறார்.

உனக்கு முதலிலேயே சொல்லாததற்கு மறுபடியும் மன்னிப்பு. நேற்று டாக்டரிடம் போனேன். புளிப்பு மட்டும் லேசாகத் தெரிகிறது அக்கா. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

முன்வரிசை என்ன ஆயிற்று? நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூவரையும் கட்டிக்கொண்டேன் என்று வைத்துக்கொள். புளிப்புத் தெரிகிறது என்ற வரியை உன் மச்சான் நாலு தடவை படிக்கச் சொன்னார்.

முன்வரிசை நமக்கு. என் பழைய இடம் இல்லை, அதை விட நல்ல இடம், வாசலுக்கு நேர் எதிரே முதல் கடை. விதியை எழுதியவரே எழுந்து நின்று கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. சந்தைத் தலைவர் சாவியைக் கொடுத்தபோது ஜூஸ் கடைக்காரம்மா கை தட்டினார். அவர் தட்டி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வருடத்துக்கு நான்கு கண்டெய்னர். வாரம் ஒன்றாக வர வேண்டும், ஒன்றுக்கொன்று முட்டக்கூடாது. மூன்று தோட்டம் போதாது, அக்கம்பக்கத்தில் இன்னும் ஒன்பது தோட்டங்களை இப்போதே பார். பூ விடுவதற்கு முன் பேசி முடித்துவிடு. பேசும்போது உன் வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு போ, குறிப்பெழுத அவள்தான். அவளுக்குச் சம்பளம் உண்டு, உனக்கு அப்புறம் பார்க்கலாம்.

நேற்று மொத்தம் கடைக்கு வந்தார். நானே நாற்காலி எடுத்துப் போட்டேன். வருகிற வருடம் அவருக்கும் ஒரு கண்டெய்னர் நம்மிடமிருந்து வேண்டுமாம். மொத்தமாகக் கேட்கவில்லை, ஒன்றே ஒன்று. போகும்போது, "உன் தம்பிக்கு என்ன நாக்குமா அது! அந்த மாதிரி ஆள் எனக்குக் கிடைக்கலையே" என்றார்.

"அந்த நாக்கு வேலைக்கு ஆகாதுன்னுதாங்க அவனை வெச்சிருக்கேன்" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

உன் ருசி திரும்பட்டும், முழுசாகத் திரும்பட்டும், வேண்டியதையெல்லாம் வயிறு நிறையச் சாப்பிடு. தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் அந்த நாக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போ.

உன் அக்கா